கருவாட்டுப் பாரத்துக்குக் கட்டின கார்

ஜவாஹிரின் கார் கருவாடு சுமக்கிற கார். பின்னிருக்கைக்குப் பின்னால் பலகைப் பெட்டி அடித்து, விடத்தல்தீவில் மூட்டைகளை ஏற்றி, அடம்பன் வழியாக மன்னார் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவான். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கிவிடும். வளைவுகளில் கள்ளுக் குடித்தவன் மாதிரித் தள்ளாடும். ஒருநாள் அடம்பன் வளைவில் வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஊர்வாய் சும்மா இருக்குமா? ஜவாஹிர் காரால் உழுகிறான் என்று சிரித்தார்கள்.

அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மன்னாரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த சிங்கராசாவிடம் போய், பின்சில்லுகளைத் தாங்கும் வில்லுத்தகடுகளோடு, உடைந்த லொறியொன்றின் தடித்த தகடுகளையும் சேர்த்து இறுக்கச் சொன்னான். வெறுமையாக ஓடினால் தூக்கிப் போடும் என்று சிங்கராசா சொல்லத்தான் செய்தான். என்ர கார் எந்தக் காலத்தில் வெறுமையாக ஓடியது என்று இவன் கேட்டான்.

பிறகென்ன! மன்னார்ப் பாலத்தில் கடலிலிருந்து கச்சான் காற்று அறைந்தாலும் கார் அசையவில்லை. அரசாங்க ஏசண்டுத் துரையின் டிறைவரே குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டுப் போனான். ஜவாஹிருக்குத் தலைகால் புரியவில்லை.

தங்கை ஸுஹறாவுக்கு அப்போது நிறைமாதம். கலியாணமாகி வருசக்கணக்காகக் காத்திருந்து, நேர்ச்சை வைத்துக் கிடைத்த பிள்ளை. ஒரு காலை இரத்தம் பட்டுவிட்டது. மருத்துவிச்சி ஆசியா உம்மா பார்த்தாள், முகம் மாறிவிட்டது.

"மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. ஆனால் அலுங்காமல் கொண்டுபோங்கோ."

வாசலில் கார் கருவாட்டுப் பாரத்தோடு நின்றது. பிள்ளைத்தாச்சியை, அதுவும் தன் கூடப்பிறந்தவளை, அந்த நாற்றத்திலா ஏற்றுவது? அவசர அவசரமாக மூட்டைகளை இறக்கி எறிந்தான். இருக்கையைத் துடைத்துப் பன்னீர் தெளித்துப் புதுப்பாய் விரித்தான். ஸுஹறாவைக் கிடத்தி, அவள் புருசன் வஸீரின் மடியில் தலையை வைத்து, புறப்பட்டான்.

வெறுங்கார் உதைத்தது. குழிக்குக் குழி தூக்கிப் போட்டது. மெதுவாகப் போனாலும் உதை நிற்கவில்லை. மெதுவாகப் போகவும் நேரமில்லை. அடம்பனில் ஒரு கமக்காரன் நெல்மூட்டைகளோடு கைகாட்டி, மன்னாருக்கு ஏற்றிப்போகக் கெஞ்சினான். கண் தெரியவில்லையா, நோயாளி கிடக்கிறாள் என்று ஜவாஹிர் ஏசிவிட்டுப் போனான். ஸுஹறா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

ஆசுப்பத்திரி விறாந்தையில் வஸீர் வந்து குந்தினான். பிள்ளை வழியிலேயே மவுத்தாகிவிட்டது. குலுக்கத்தில் இரத்தம் கூடிப் போயிற்றாம், டொக்டர் சொன்னாராம். அல்லாஹ் தந்தான், எடுத்துக்கொண்டான் என்று வஸீர்தான் மச்சானைத் தேற்றினான்.

மறுநாள் ஜவாஹிர் இறக்கிப் போட்ட மூட்டைகளைத் திரும்ப ஏற்றி, அதே பாதையால் போனான். அதே குழிகள். கார் ஒரு குலுக்கம்கூடக் குலுங்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தான் இறக்கியது நாற்றத்தை மட்டுமல்ல. கமக்காரனின் நெல்மூட்டைகளும் நினைவுக்கு வந்தன. அடம்பன் வளைவில் காரை நிறுத்திவிட்டு, பாவி மனுசன், வாய்விட்டு அழுதான்.

ஸுஹறாவை வீட்டுக்குக் கூட்டிப் போகிற நாளில், மன்னார்க் கீரிக் கடற்கரை மணலைச் சாக்குகளில் நிரப்பிப் பெட்டியில் அடுக்கினான். கார் பாலம் தாண்டி, அடம்பனும் தாண்டியது. உறங்கிக் கிடந்தவள் கண் விழித்து அண்ணனைப் பார்த்தாள்.

"அலுங்கவே இல்லையே, நானா. அண்டைக்கும் இப்பிடிப் போயிருக்கலாமே."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

"ஓம், தங்கச்சி" என்றான்.