பால் பொங்கும்போது சொல்லும் பெயர்

...இன்னும் விளிம்புக்கு வரவில்லை, ஓரத்தில் சிறு குமிழிகள்தாம், விறகடுப்பாக இருந்தால் இந்நேரம் பொங்கியிருக்கும், இந்தப் புதிய கேஸ் அடுப்பின் நீலச் சுடருக்கு அவசரமே தெரியாது போலும் என்று நினைத்தபடியே குணவதி சமையற்கட்டுச் சன்னல் வழியாகப் பாதையையும் ஒரு கண் பார்த்துக்கொண்டாள். தேயிலைச் சரிவை வளைத்துப் பிரிஞ்சாங் டவுனிலிருந்து ஏறிவரும் அந்தப் பாதையில் இன்னும் சிறிது நேரத்தில் புதிய முதலாளி, அந்தத் தவுக்கேயின் கார் வரும், அவர் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருக்கிறது, அவள் இந்த வீட்டின் சமையல்காரியாகவே இருப்பாளா, இல்லை, பின்னறையிலிருந்து பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கோலா தெர்லாவில் மகள் வீட்டு வாசலில் போய் நிற்பாளா என்பது. ஈப்போவிலிருந்து வேறு சமையல்காரர் வரக்கூடுமாம். நேற்று மேனேஜர் கனகராஜ் அதைச் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். நல்ல மனுஷன், அவன்தான் என்ன செய்வான்... மகள் வரவேண்டாம் என்று சொல்லமாட்டாள், ஆனால் வா என்றும் இதுவரை சொன்னதில்லையே.

எது எப்படியானாலும் பால் காய்ச்சியாக வேண்டும். வீடு கைமாறினால் பால் பொங்க வேண்டும், பொங்கி வழியும் அந்த நொடியில் குடிவருகிறவரின் பெயரைச் சொல்ல வேண்டும், அம்மா மணியம்மா அப்படித்தான் செய்தாள். இங்கிலாந்தில் தான் பிறந்த வீட்டைப் போலவே வேண்டுமென்று வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டம் அடித்து, செங்கல் புகைபோக்கிகள் எழுப்பி, டாசன் துரை இந்த மேட்டில் பங்களா கட்டிக் குடிவந்த அன்று, சாமான் இறங்குவதற்குள் அம்மா இதே இடத்தில் பாலைப் பொங்கவிட்டு, டாசன் துரை, டாசன் துரை என்று முணுமுணுத்தாளாம், துரைசாணி கருகல் நாற்றம் தாளாமல் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். துரை ஒரு நாள் கப்பலேறினார். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று பங்களா; அந்தப் பாலைக் குணவதி காய்ச்சினாள், பெரிய டீச்சர் மிஸ் பார்லோவின் பெயரைச் சொன்னாள்; துரை விருந்து வைத்த கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து அவள் மடியில் வந்து அழுத செம்பட்டைத் தலைகள்... சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள், எழுபத்தொன்றில் கட்டில்கள் லாரியேறின. பிறகு தோட்டக் கம்பெனியின் விருந்தினர் விடுதி, சாவிக்கொத்து கணக்கெழுதும் சிவலிங்கம் கிராணியின் இடுப்பில், ஆகவே அவர் பெயர். அவருக்கும் மாற்றல் வந்தது, கம்பெனி வீட்டை விற்றது. இப்போது எண்பத்து மூன்றில் ஓட்டல். அப்படியென்றால் சொன்ன பெயர் ஒவ்வொன்றும்... சே, நல்ல நாளில் இது என்ன நினைப்பு?

“என்னாக்கா, காலங்காத்தாலயே பாலு? கெஸ்ட்டு நாளைக்குத்தான வராங்க?” கனகராஜ் கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டபடி உள்ளே வந்தான்.

“வீட்டுக்கு, தம்பி.”

“வீடு பாலு குடிக்குமாலா? அப்ப பில்லு போட்டுருவோம், கையெழுத்து யாரு, செவுரா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த அந்தக் கணத்தில் பால் நுரைத்து எழும்ப, “ஐயோ, புது அடுப்புக்கா! தவுக்கே மொதல்ல இங்கதான் வந்து பாப்பாரு!” என்று அவன் கை பாய்ந்து அடுப்பை அணைத்தது. விளிம்பைத் தொட்ட பால் அப்படியே அமிழ்ந்தது, ஆடை சுருங்கிக்கொண்டது. அவள் அமிழ்ந்த பாலையே பார்த்தாள். அந்த முகத்தில் அவன் எதைப் பார்த்தானோ, தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு மாறியபோதெல்லாம் அவன் அம்மா காய்ச்சியது நினைவுக்கு வந்ததோ, மூலையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு, “சரிக்கா, பத்த வைங்க. வழிஞ்சா நான் தொடச்சிக்கிறேன்” என்றான்.

“தவுக்கே பேரு என்னா தம்பி?”

“அவரு பேரு எதுக்கு? அவரு சும்மா பாத்துக்கத்தான் வராரு. வாங்குனது கம்பெனி, ஆளுக்கொரு பங்கு. யாரு மொதலாளின்னு எனக்கே தெரியாதுலா.”

சுடர் மறுபடி பற்றிக்கொண்டது. யாரும் குடிவராத வீட்டுக்கு யார் பெயர்? வருகிறவர்கள் ஓர் இரவு தங்கிப் போவார்கள், கனகராஜ் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பிரிஞ்சாங் போய்விடுவான், ஒவ்வோர் இரவும் இந்தக் கூரையின் கீழ் படுக்கிறவள் யார்? வாயில் ஒரே ஒரு பெயர் வந்து நின்றது, பால் பொங்கும்போது ஒருநாளும் சொல்லாத பெயர், ஒருமுறை சொல்லிவிட்டால் இந்த வீட்டில் குடிவந்ததாக ஆகுமா... ஆனால் டாசன் துரை போனார், மிஸ் பார்லோ போனாள், சிவலிங்கம் கிராணி போனார், பெயர் சொல்லப்பட்ட எவரும் தங்கவில்லை, சொன்னவள்தான் இருந்தாள், தன் பெயரைச் சொல்லாமலே சொல்லாமலே இருந்தாள். கீழே வளைவில் கார் கியர் மாற்றி உறுமியது. கனகராஜ் துணியோடு நின்றான். பால் விளிம்பேறி நடுங்க, அவள் வாய் திறந்தாள். திறந்த பிறகுதான் புரிந்தது, இருக்க வேண்டுமானால் பெயரைச் சொல்வதா விழுங்குவதா என்று இத்தனை பால் காய்ச்சியும் தனக்குத் தெரியவில்லை என்பது.