ரின்புயி போட்ட பிடியரிசி

2022 ஜூலை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, திருச்செங்கோடு சங்ககிரி ரோட்டில் வசந்தாமணி வீட்டு மாடியில், காலை பத்தரை மணிக்கு உலையில் போட்ட அரிசி பிற்பகல் மூன்று மணி வரைக்கும் வேகவில்லை. தண்ணீர் கொதித்து வற்றியது. மறுபடி ஊற்றினார்கள், அதுவும் கொதித்து வற்றியது. கடைசியில் சிலிண்டர்தான் தீர்ந்தது. குண்டானைக் கவிழ்த்தபோது ஒரு கரண்டிச் சோறு மட்டும் குழைந்து விழுந்தது. மற்றதெல்லாம் அப்போதுதான் மூட்டையிலிருந்து அள்ளியது போல வெள்ளை வெளேரென்று, ஈரமில்லாமல், தொட்டால் சில்லென்று இருந்தது. அன்று ஊரில் வெயில் முப்பத்தாறு டிகிரி, தக்காளி கிலோ இருபத்தைந்து ரூபாய்.

மாடியில் குடியிருந்தவர்கள் ஆறு பெண்கள். மிசோரத்திலிருந்து பிசியோதெரபியும் நர்சிங்கும் படிக்க வந்தவர்கள். எங்கள் ஊர் போர்வெல் ரிக் வண்டிகள் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போய் ஆயிரம் அடிக்குத் துளை போட்டுத் தண்ணீர் காட்டிவிட்டு வரும். வசந்தாமணியின் வீட்டுக்காரர் கந்தவேலும் அப்படி வருடத்தில் பத்து மாதம் வெளியூரில் இருப்பவர்தான். இவ்வளவு தேசம் பார்த்த ஊருக்கு, இந்தப் பிள்ளைகளின் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ‘நேபாளத்துப் புள்ளைங்க’ என்று பெயர் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேறு இடத்தில் அறை எடுத்திருந்த ஐந்து பையன்களும் மாடிக்கு வந்துவிடுவார்கள். பதினொரு பேரும் சேர்ந்து பாடினால் கீழே டீ குடிக்கிறவர்கள் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவள் லால்ரின்புயி. ரின்புயி என்று கூப்பிடுவார்கள்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேளைக்குச் சமைத்தாலும் உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அது அவர்களுடைய கிறிஸ்தவ சபைக்குப் போகும். திருச்செங்கோட்டுக்கு வந்து அரிசி வாங்கிப் போக எந்தச் சபையும் இல்லாததால், இவர்கள் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதையே சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். மற்றவர்கள் ஞாபகம் வந்தால் ஒரு பிடி போடுவார்கள், பாதி நாள் மெஸ் சாப்பாடு என்று விட்டும் விடுவார்கள். ரின்புயி மட்டும் மறந்ததில்லை. அடுத்தவளுடைய சமையல் முறையிலும் அடுப்படிக்குப் போய் ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டு வருவாள். காய்ச்சலில் படுத்த நான்கு நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் போட்டாள். இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

மாட்டிவிட்டவன் சங்கா. ரின்புயியின் தெருவில் பிறந்து, அவள் அப்பாவிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவன். இங்கே சமூகப்பணி முதுகலை இரண்டாம் வருடம். ஞாயிறு கூட்டத்துக்குத் தலைவனும் அவன்தான். ரின்புயி அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவள் இந்த ஊருக்கு வந்திறங்கியபோது ஈரோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தவன். ‘இளம் மிசோக்களின் சமய நம்பிக்கையும் நடத்தையும் மனநலமும்’ என்று ஆராய்ச்சிக்குத் தலைப்பு எடுத்து, சேலம், நாமக்கல் பக்கம் படிக்கும் நாற்பத்து மூன்று பேருக்கும் அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தான். மேலே சிவப்பு மையில், ‘பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது’ என்று அச்சடித்து இரண்டு கோடு போட்டிருந்தான். ரின்புயி அந்த இரண்டு கோட்டையும் நம்பினாள்.

நம்பி உள்ளதை எழுதினாள். பதினேழாம் கேள்வி, ஜெபிக்கிறீர்களா. பதினொரு மாதமாக இல்லை, வாய் அசைகிறது, உள்ளே யாரும் இல்லை என்று எழுதினாள். இருபத்து மூன்று, மது அருந்தியதுண்டா. இரண்டு முறை பீர். நாற்பத்தொன்று, காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றியதுண்டா. அதற்கு விடப்பட்ட இடம் போதாமல் தாளின் ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுதினாள். தினமும் தோன்றுகிறது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் என்னிடம் வந்து கேட்டால் சொல்வேன் என்று எழுதினாள். ஐம்பத்தாறு, பிடியரிசி போடுகிறீர்களா. நாற்பத்திரண்டு பேர் ‘சில சமயம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் ‘ஒருவேளை கூடத் தவறாமல்’ என்று இருந்தது. அப்படிப் போடுகிறவள் தமிழ்நாட்டில் ஒருத்திதான் என்பது சங்காவுக்குத் தெரியும்.

மாடிப்படி ஏறி வந்து கேட்டிருக்கலாம். பதினேழு படி. அவன் அதைச் செய்யாமல் ரின்புயியின் அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். அப்பா அங்கே சபை மூப்பர். ஜூன் மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. பதினேழையும் இருபத்து மூன்றையும் அவள் எழுதிய வார்த்தை மாறாமல் அப்படியே வாசித்துக் காட்டி, இனி என்னோடு பேசாதே என்று வைத்துவிட்டார். வாய் அசைகிறது, உள்ளே யாரும் இல்லை என்ற வரி அப்பாவின் குரலில் வந்தபோதே யார் சொன்னது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நாற்பத்தொன்று வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. பீர் குடித்ததைச் சொன்னவன், சாகத் தோன்றுவதைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவன் பறித்த குழிக்குள் அவள் ஏற்கெனவே விழுந்து கிடந்தாள் என்பதையும் தெரிந்துகொண்டே பறித்தான்.

ஜூலை முதல் ஞாயிறு, இனி நீ பாட்டு எடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் பின்னால் உட்காரு என்று சங்கா மெதுவாக, மிகவும் அன்பாகச் சொன்னான். மற்ற ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரின்புயி எழுந்து கீழே போய் வசந்தாமணியின் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். மேலே பாட்டு ஆரம்பித்தது, நடுவிலேயே நின்றது. அப்புறம் உலை வைத்தார்கள். உலையில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வசந்தாமணி முதலில் அரிசிக்கடை அப்துல் சலாமைத்தான் பிடித்தார். “ஏனுங்க பாய், அரிசி குடுத்தீங்களா, கல்லு குடுத்தீங்களா? காத்தால வெச்சது, இன்னும் வேகவே மாட்டேங்குது!” பாய் பதறிப்போய் வந்து, அதே மூட்டையில் கொஞ்சம் எடுத்துக் கீழே அடுப்பில் வைத்துக் காட்டினார். கால் மணி நேரத்தில் பூவாக வெந்தது. பிறகு மேலே போய், வேகாமல் டப்பாவுக்கே திரும்பிய அரிசியில் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு உடைந்தது. அதைத் துப்பிக் கையில் வைத்துப் பார்த்தபடி, “அரிசி மேல குத்தமில்லீங்கக்கா. போட்ட புள்ளைய என்னமோ பண்ணிப்போட்டாங்க,” என்றார். குக்கரில் இருபது விசில் வைத்தார்கள். விறகடுப்பில் ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். பருப்பு வேகாத இடம் ஊரில் ஆயிரம் உண்டு, அரிசி வேகாத வீடு இது ஒன்றுதான் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாயிற்று. வெந்த ஒரு கரண்டி பத்துப் பேருடையது, வேகாத ஒரு டப்பா ஒருத்தியுடையது என்று அந்தப் பத்துப் பேருக்கும் புரிந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு நான்கு பேர்தான் உட்கார்ந்தார்கள்.

வசந்தாமணி ரின்புயியைக் கீழே பின்னறைக்குக் கூட்டி வந்துவிட்டார். டப்பாவையும் யாரும் வைத்துக்கொள்ள விரும்பாததால் அதுவும் அவளோடு வந்தது. வசந்தாமணிக்கு ஜெபமும் தெரியாது, கேள்வித்தாளும் தெரியாது. தினமும் காலையில் கதவைத் தட்டி ஒன்றை மட்டும் கேட்பார். “தூங்குனியா சாமி?” முதல் இரண்டு வாரம் பதில் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள், “இல்லக்கா,” என்று வந்தது. அன்றைக்கே அவளை ஆட்டோவில் ஏற்றி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரிடம் நாற்பத்தொன்றைச் சொல்லி முடிக்க ரின்புயிக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்று வருடம் மருந்தும் பேச்சுமாகப் போயிற்று. அவள் படிப்பை முடித்தாள். பாடவில்லை. வசந்தாமணியின் அடுப்படியில் ஒரு பிடி எடுத்து வைப்பதை மட்டும் விடவில்லை. அந்த அரிசியெல்லாம் ஒழுங்காக வெந்தது.

சங்காவின் ஆராய்ச்சி தங்க எழுத்துப் போட்டுக் கட்டிய புத்தகமாக வந்தது. ஜெபிக்கும் இளைஞர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பது அதன் முடிவு. ஒரு தாள் மற்றவற்றோடு ஒத்துவராததால் கணக்கில் சேர்க்கவில்லை என்று அடிக்குறிப்பு இருந்தது. அவன் ஊருக்குப் போய் வேலையும் பெற்றான்.

2025 மே மாதம் ஒரு மத்தியானம் அவன் திரும்பி வந்தான். இளைத்திருந்தான். தூக்கம் வருவதில்லை என்றான். “உன்னைக் காப்பாற்றத்தான் எழுதினேன் ரின்புயி.”

“காப்பாற்ற வேண்டியது நாற்பத்தொன்றில் இருந்தது,” என்றாள் அவள். “படித்தாயா?”

“படித்தேன். அதை எழுதியிருந்தால் அவர் பயந்துபோய் உன்னை உடனே ஊருக்குக் கூட்டிப்போயிருப்பார். கல்லூரியில் ஏன் என்று கேட்டிருப்பார்கள், என் ஆராய்ச்சி நின்றிருக்கும்,” என்றான்.

அவள் தன் போனை எடுத்து, மூன்று வருடமாக அழைக்காத அப்பாவின் எண்ணை அழைத்து அவனிடம் நீட்டினாள். சங்கா மூப்பரிடம் நாற்பத்தொன்றாம் கேள்வியைச் சொன்னான், அவள் எழுதிய பதிலையும் ஓரத்தில் எழுதியது வரைக்கும் சொன்னான். எனக்குக் கடிதம் எழுதியபோதே இது உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றான். மகளிடம் கொடு என்றார். அவர் அழுகிற சத்தம் கேட்டது. நான் ஏன் கேட்கவில்லை, நான் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அதையே திருப்பிச் சொன்னார்.

இந்த இடத்தில் அரிசி வெந்துவிட்டது என்று எதிர்பார்க்கிறவர்கள் கதை படித்துக் கெட்டுப்போனவர்கள். விருந்தாளியைப் பட்டினியாக அனுப்புவது அவர்கள் ஊர் வழக்கத்தில் இல்லை. ரின்புயி டப்பாவிலிருந்து எடுத்து உலை வைத்தாள். இரண்டு மணி நேரம் இருவரும் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வேகவில்லை. அப்படியே வடித்துத் தட்டில் போட்டு, மேலே கீரைக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். சங்கா ஒவ்வொன்றாகக் கடித்தான். முன்கட்டில் இருந்த வசந்தாமணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. தட்டைக் காலி செய்துவிட்டு, வாயைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு ஈரோடு பஸ் ஏறினான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ரின்புயிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது வசந்தாமணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“இத உட்டுட்டுப் போறியே கண்ணு?”

“இருக்கட்டுங்கக்கா,” என்றாள் ரின்புயி. இந்த மூன்று வருடத்தில் அவளுக்கு எங்கள் தமிழ் நன்றாகவே வந்திருந்தது. “இத்தன நாளு நாந்தூக்குனது போதுமுங்க.”

பின்னறைக்கு இப்போது ஆத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. வந்த அன்று வசந்தாமணி எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். “மோட்டார் சுச்சு இங்கீங்க. நல்ல தண்ணி மூணு நாளைக்கொருக்கா வரும். மேல் தட்டுல டப்பால இருக்கறது வேகாத அரிசி, அத மட்டும் உலையில போட்டறாதீங்க.” அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்கள்.