கப்பல் ஓடிய முந்நூறு மீட்டர்

சென்னையில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு ஜெரால்ட் இரண்டு கைகளையும் மேசையில் சாய்த்து வைத்த போன் கேமராவுக்கு முன்னால் நீட்டினான். இடது மணிக்கட்டில் விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை. வலது மணிக்கட்டில் வட்டமாக, கொழுகொழுவென்று ஒரு வாட்ச். போர்ட் பிளேரில், பத்துபஸ்தி வீட்டு மொட்டை மாடியில், சிக்னல் வரும் ஒரே மூலையில் அவனுடைய அத்தான் ஷெல்டனும் அக்கா ஷீபாவும் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். மறுநாள் காலை அவனுக்கு விமானம். ஆன்லைனில் முயன்று பார்த்தாயிற்று. இந்த முகவரிக்கு அனுப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். தீவில் இருப்பவனுக்கு மெயின்லேண்டிலிருந்து வரும் மச்சினன்தான் கூரியர்.

"சீக்கிரம் சொல்லுங்க அத்தான். கடைக்காரரு என்னைய ஒரு மாதிரியா பாக்காரு."

"பட்டைய எடுங்க" என்றாள் ஷீபா. "கயிறு இழுக்கிற கைக்கு அதுதான் சரி. கனம் தெரியாது, பத்து நாளு சார்ஜ் நிக்கும். எத்தனை அடி வச்சீங்கன்னு சொல்லும். வேற என்ன வேணும்?"

"அது தன்னால ரூட்டு போடாதுல்லா. போனையும் கையில பிடிச்சிட்டு ஓடணும். வாட்சுன்னா சாட்டிலைட்டுலேருந்து பாத்து எங்க ஓடினேன், எவ்வளவு ஓடினேன்னு அதுவே சொல்லிரும்."

"சாட்டிலைட்டு உங்களைப் பாக்கவா மேல போயிருக்கு?"

ஷெல்டன் காதில் வாங்கவில்லை. நாற்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு ஆசை வந்துவிட்டால் மனைவியின் குரல் சிக்னல் போன மாதிரிதான். தீவுகளுக்கிடையே ஓடும் 'நீலமணி' என்ற பயணிகள் கப்பலில் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் வேலை. சென்னையில் நடக்கவிருந்த அரை மாரத்தானுக்கு இங்கிருந்து நான்கு பேரை அனுப்புவதாக உள்ளூர் ஓட்டக்காரர் சங்கம் அறிவித்திருந்தது. மூன்று பேரை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். நான்காவது இடத்துக்குப் பத்துக் கிலோமீட்டரை ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடி, ஓடிய வழியும் இதயத் துடிப்பும் பதிவான கணக்கை ஞாயிறு காலை ஏழு மணிக்குள் முதலில் அனுப்புகிறவர் யாரோ அவர். செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஷெல்டனுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு தடவை மெயின்லேண்ட் போட்டிக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். கப்பலில் டிக்கெட் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவனை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

"வாட்சே எடு மாப்ள" என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குத்தான் வாட்ச் வந்து சேர்ந்தது. இரண்டு மணிக்கு அவன் டூட்டி, ஐந்து மணிக்குக் கப்பல். தரையில் ஓட நேரமே இல்லை. அதனால் என்ன, மேல்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் நூறு மீட்டருக்குக் குறையாது, நூறு சுற்றில் வேலை முடிந்தது என்று திட்டம் போட்டு வைத்திருந்தான். துறைமுகம் தாண்டியதும் ஷூவை மாட்டினான். வானம் சிவந்திருந்தது, காற்று நெஞ்சைத் தள்ளியது, பயணிகள் பெஞ்சில் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். அவனுக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வாட்ச் கையில் துடித்தது. பத்துக் கிலோமீட்டர். இருபத்தாறு நிமிடம்.

ஒரு தேநீர் குடிக்கிற நேரம் அவன் அதை நம்பினான். உண்மையாகவே நம்பினான். உலகச் சாதனைக்காரர்கள் எல்லாம் அவனைக் கண்டு ஒதுங்கி நிற்பதாகக்கூடப் பட்டது. கூட வேலை பார்க்கும் ஈஸ்வரன்தான், அவன் ராமநாதபுரத்துக்காரன், பெஞ்சில் படுத்தபடியே கேட்டான்.

"அண்ணே, கப்பலும் ஓடிக்கிட்டுல்ல இருக்கு?"

சந்தேகம் தீர வாட்சைக் கழற்றி ஈஸ்வரன் கையில் மாட்டினார்கள். அவன் அசையாமல் உட்கார்ந்து ஒரு தட்டு சாதமும் மீன் குழம்பும் சாப்பிட்டு எழுந்தான். வாட்ச் அவனை நாலு கிலோமீட்டர் ஓடியதற்காகப் பாராட்டியது.

"பஸ், ஹோ கயா. போதும், முடிஞ்சிருச்சு" என்று ஏப்பம் விட்டான் ஈஸ்வரன். "எனக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லுங்க."

தளமே சிரித்தது. இருபது வருடமாகக் கப்பலில் நிற்கிறவனுக்குக் கப்பல் நகரும் என்பது தோன்றாமல் போயிற்றே என்று ஷெல்டனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அறைக்குள் ஓடுவதற்கென்று வாட்சில் வேறொரு முறை இருந்தது. அதில் ஓடினால் வழி பதியாது, வழி இல்லாமல் சங்கம் ஏற்காது. கரையின் சிக்னல் அறுந்துபோகும் முன்பு ஷீபாவிடம் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள்.

"பட்டைன்னா உங்க காலை மட்டும்தான் எண்ணியிருக்கும். சரி விடுங்க, நாளைக்கு மாயாபந்தர்ல தரை இருக்குல்லா."

இருந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து மாயாபந்தர் ஜெட்டியில் சரக்கு இறக்கி ஏற்றி, மாலை நான்கு மணிக்குத்தான் அவனுக்கு ஓய்வு கிடைத்தது. ஐந்தேகாலுக்குக் கப்பல் கிளம்பும். ஜெட்டிக்கு வெளியே சாலையில் இருந்த டீக்கடையிலிருந்து கப்பல் நிற்கும் ஜெட்டி நுனி வரை அரைக் கிலோமீட்டர். இருபது நடை ஓடினால் பத்துக் கிலோமீட்டர். தளத்து ஆட்களுக்குத் தலைவரான சாரங் ராஜமாணிக்கத்திடம் போய் நின்றான்.

"போ. ஆனா மூணாவது ஹாரனுக்குப் பின்பக்கக் கயித்துல உன் கை இருக்கணும்" என்றார் அவர். "ஈஸ்வரன் ஒத்தையா அதைத் தாங்க மாட்டான்."

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு டீக்கடை வாசலில் பொத்தானை அழுத்தினான். முதல் நான்கு நடை யாரும் கவனிக்கவில்லை. ஆறாவது நடையில் டிக்கெட்டோடு வரிசையில் நின்ற ஒரு பெங்காலிப் பெரியவர் "எதுக்கு ஓடுறான்?" என்று இந்தியில் கேட்டார். ஈஸ்வரன் மேலிருந்தே முழுக் கதையையும், மீன் குழம்பு உட்பட, சொல்லிவிட்டான். பத்தாவது நடையில் வரிசை கை தட்டியது. பதினைந்தாவதில் கப்பலின் இந்தப் பக்கக் கம்பி முழுக்கத் தலைகள். "சலோ பாய், சலோ" என்று ஒரு தெலுங்குக் குடும்பம் மொத்தமும் கத்தியது. ஷெல்டனுக்கு மூச்சு முட்டியது, சட்டை ஒட்டிக்கொண்டது, ஆனால் பத்தொன்பது வயதில்கூட இவ்வளவு சந்தோஷமாக ஓடியதில்லை. ஐம்பத்து நான்கு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று கால் சொன்னது.

வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்ததை அவன் பார்க்கவில்லை. கேப்டன் பார்த்தார். கால் மணி நேரம் முன்னதாகவே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பதினேழாவது நடையில் முதல் ஹாரன். பத்தொன்பதாவதில் இரண்டாவது. ஜெட்டி நுனியைத் தொட்டுக் கடைசி நடைக்குத் திரும்பினான். நூறு மீட்டர் போயிருப்பான், மூன்றாவது ஹாரன் முதுகில் அடித்தது. இன்னும் நானூறு மீட்டர். இரண்டு நிமிடம்தான் வேண்டும். திரும்பிப் பார்த்தான். ஈஸ்வரன் பின்பக்கக் கயிற்றோடு ஒற்றை ஆளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஷெல்டன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கப்பலை நோக்கி ஓடினான். ஏணியில் ஏறும்போது வாட்ச் ஒன்பது புள்ளி ஏழு காட்டியது.

கயிறு உள்ளே வந்தது, கப்பல் நகர்ந்தது, மழை பிடித்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் கையில் திடீரென்று அந்தத் துடிப்பு. பார்த்தான். பத்துக் கிலோமீட்டர், ஐம்பத்து நான்கு நிமிடம் பத்து நொடி. வழி, துடிப்பு, எல்லாம் பச்சை நிறத்தில். ஓட்டத்தை நிறுத்த மறந்திருந்தான். மிச்சம் முந்நூறு மீட்டரைக் கப்பல் ஓடி முடித்திருந்தது.

சேமிக்கவா, நீக்கவா என்று வாட்ச் கேட்டது.

"அனுப்புங்கண்ணே" என்றான் ஈஸ்வரன். "இன்னும் பத்து நிமிஷம் டவர் இருக்கும். அனுப்புங்க."

சுற்றி நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். தெலுங்குக் குடும்பமும் சொன்னது. ஒன்பது புள்ளி ஏழை அவன் ஓடியது பொய்யில்லையே, அந்த வேகத்தில் மிச்சமும் வந்திருக்காதா? வந்திருக்கும். கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. சென்னைக் கடற்கரைச் சாலை, முதுகில் எண் ஒட்டிய பனியன், எல்லாம் ஒரு விரல் தூரத்தில் இருந்தன. அந்த முந்நூறு மீட்டர் யார் ஓடியது என்று ஈஸ்வரனுக்குத் தெரியும், சாரங்குக்குத் தெரியும், கம்பியோரம் நின்ற இருநூறு பேருக்கும் தெரியும். வாட்சுக்கு மட்டும்தான் தெரியாது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. நீக்கு என்பதை அழுத்தினான். அழுத்தியதும் அழுகை வந்துவிட்டது, மழை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ராஜமாணிக்கம் மட்டும் பக்கத்தில் வந்து நின்றார். "காலையில நாலரைக்குப் போர்ட் பிளேர் பிடிச்சிருவோம். ஏழு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல? கயிறு கட்டினதும் நீ இறங்கு. உன் பையை நான் கொடுத்து அனுப்புறேன்."

தீவில் சீக்கிரமே விடிந்துவிடும். ஐந்து மணிக்கு ஜெட்டியில் கால் வைத்தபோது வெளிச்சம் நன்றாகவே இருந்தது. தொடை இரண்டும் முந்தைய நாள் ஓட்டத்தில் கல்லாகிக் கிடந்தன. மேலேயிருந்து ஈஸ்வரன் ஹாரன் மாதிரியே வாயால் ஊதினான். ஷெல்டன் பொத்தானை அழுத்தினான்.

மேடு, பள்ளம், மறுபடியும் மேடு. போர்ட் பிளேர் சாலையை யார் போட்டார்களோ, ஓடுகிறவனை மனதில் வைத்துப் போடவில்லை. லம்பா லைன் பகுதி வரும்போது மூச்சு தொண்டையில் நின்றது. நாய் ஒன்று கொஞ்ச தூரம் கூட வந்து, இதில் லாபமில்லை என்று திரும்பிக்கொண்டது. பத்துபஸ்தியில் தன் வீட்டுக்கு முன்னால் வந்தபோது ஏழு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பட்டுச்சேலையும் ஜெபமாலையுமாக முதல் பூசைக்குக் கிளம்பி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த ஷீபா, கப்பலிலிருந்து வரும் புருஷன் தன்னைத் தாண்டி ஓடுவதைப் பார்த்தாள்.

"ஏங்க, வீடு இங்க இருக்கு."

"இன்னும் மூணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பக்கத்தில் வந்து, அவன் கையைப் பார்த்துப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். "எட்டு. நாப்பத்திமூணு நிமிஷம்." பிறகு, "ஒம்பது. நாப்பத்தொம்பது. தூக்குங்க காலை." பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஓரமாக நின்று வாயைப் பிளந்தார்கள். கடைசி அரைக் கிலோமீட்டரில் அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஷீபாவின் குரல் மட்டும் முன்னால் இழுத்தது. துடித்தது வாட்சா, தன் கையா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. சாலையோரம் அப்படியே உட்கார்ந்தான்.

ஷீபா அவன் கையை எடுத்துப் பார்த்தாள்.

"பத்து கிலோமீட்டர். அம்பத்துநாலு நிமிஷம், நாப்பத்தாறு நொடி."

"கப்பலு அம்பத்துநாலு பத்துல ஓடிச்சி" என்றான் மூச்சிரைப்புக்கு நடுவே. "அதைவிட நான் லேட்டு."

மாயாபந்தரில் நடந்ததை அவன் விட்டு விட்டுச் சொன்னான். நீக்கியதையும் சொன்னான். பிறகு அவன் போனை எடுத்து, கணக்கைச் சங்கத்துக்கு அவளே அனுப்பினாள். மணி ஆறுகூட ஆகவில்லை, அதுவரை வேறு யாரும் அனுப்பியிருக்கவில்லை. சேலைத் தலைப்பால் அவன் முகத்தையும், அதற்குப் பிறகு வாட்சின் கண்ணாடியையும் துடைத்தாள்.

"இன்னைக்குப் பட்டையைக் கட்டியிருந்தாலும் உங்க காலை எண்ணி இதைத்தாங்க சொல்லியிருக்கும்" என்றாள்.