வெள்ளையாய் உறைந்தது

"ஒம் பொண்டாட்டி பஜ்ஜி சுட்ட எண்ணெய ஊத்துனா வண்டி ஓடுமாலே? மணந்தான் வரும்" என்றார் மெக்கானிக் பாண்டித்துரை அண்ணாச்சி. என் கணவர் ஸ்டான்லி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

ஐந்தருவி ரோட்டில், என் பஜ்ஜிக் கடைக்கு எதிரேதான் எங்கள் லோடு ஆட்டோ கத்தரிக்காய் மூட்டைகளோடு கிளம்பாமல் சாரலில் நனைந்து நின்றது. நான்கு மாதமாக அது ஓடுவது நான் கலந்த எண்ணெயில். கடையில் மிஞ்சும் கடலையெண்ணெயை மூன்று நாள் தெளியவைத்து, சுடவைத்து ஈரம் போக்கி, வேட்டித்துணியில் இருமுறை வடிகட்டி, நாலு பங்கு டீசலுக்கு ஒரு பங்காகக் கலப்பேன். தேங்காயெண்ணெயைச் சேர்த்ததே இல்லை. சாரல் குளிரில் பாட்டிலிலேயே உறைந்துவிடும். ஓடிய நாளெல்லாம் ஆட்டோ ஸ்டாண்டில் அது 'ஸ்டான்லி ஐடியா'. நின்ற அன்று மட்டும் என் எண்ணெய்.

"வீட்ல இருக்க ரெண்டு கேனையும் ஓடைல கொட்டிருதேன். இனி இந்த வேலையே வேண்டாம் ஏட்டி" என்றார் ஸ்டான்லி.

ஒரு நிமிடம் நானும் நம்பிவிட்டேன். ஈரம் சரியாகப் போகவில்லையோ, துணியில் ஓட்டை இருந்ததோ என்று மனம் ஒவ்வொன்றாகத் தேடியது. என்மேல் பழி விழுந்தால் அதை முதலில் நம்புகிறவளாக நானே ஏன் இருக்கிறேன்?

"ஃபில்டரக் கழத்துங்க அண்ணாச்சி. நான் பாக்கணும்."

"நீ பாத்து என்னத்த கண்டுபிடிக்கப் போற தங்கச்சி?" என்றபடியே கழற்றினார்.

உள்ளே வெள்ளையாக, மெழுகுபோல் அப்பியிருந்தது. விரலில் வழித்து முகர்ந்தேன். பஜ்ஜி வாசம் இல்லை, கற்பூர வாசம். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்குக் கற்பூரம் போட்டுத் தேய்த்துவிடும் தேங்காயெண்ணெய்.

"மசாஜ் கடையில வாங்குனீங்களா?"

ஸ்டான்லி மூட்டைகளைப் பார்த்தார். "சும்மாதான குடுத்தான்... நேத்து ஒரு கேன் ஊத்துனேன். எல்லாம் எண்ணெதான, ஜெபா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே?"

"சரி விடு தங்கச்சி. எண்ணெய்னாலே இப்டித்தான்" என்றார் அண்ணாச்சி.

கழுவ வேண்டும் என்று ஃபில்டருக்காக ஸ்டான்லி கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. என் உள்ளங்கைச் சூட்டில் அந்த வெள்ளை இளகி, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய அவர் கை சாரலில் நனைந்தது.