நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாறு

எளாவூர் சோதனைச் சாவடியில் விடிகாலைப் பனி இறங்கிவிட்டால் லாரி தெரியாது, அதன் நம்பர் மட்டும்தான் தெரியும். வெள்ளை எண்கள் தாமாகவே மிதந்து வருகிற மாதிரி இருக்கும். இட்லிக்கடை கங்கம்மாளுக்கு அது போதும். ஏழு வருஷமாக அவள் தேடியது ஒரே ஒரு எண்ணை: 4716.

அவள் புருஷன் குப்புராஜ், பழவேற்காட்டில் படகையும் வலையையும் விற்று வாங்கிய லாரி அது. கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று இரண்டு மாசம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலே தவம் கிடந்து அந்த நம்பரை வாங்கினான், மகராசன். அறுபத்தாறில் கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போனவன் போனவன்தான். செத்தானோ பிழைத்தானோ தெரியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் அவ்வளவு ஆசையாக வாங்கிய நம்பரை அவன் விடவே மாட்டான் என்று நம்பினாள். அதனால் ஒரு லாரியையும் முழுசாகப் பார்த்ததில்லை, நம்பரைத்தான் பார்த்தாள்.

ஆந்திராவுக்கு விலைபோகிற லாரிகளுக்கு அங்கே புது நம்பர் கொடுப்பார்கள். கழற்றிய பழைய தகடுகளை டிரைவர்கள் திரும்பி வருகையில் இவளிடம் தந்துவிட்டுப் போவார்கள். கடைச் சுவரெல்லாம் தகடுதான். கனவில் அவை ஒவ்வொன்றாக இறங்கிப் பழவேற்காட்டு ஏரிமேல் நடந்து போகும், ஒன்றும் நின்று பதில் சொல்லாது.

அன்று பச்சையப்பன் வந்தான். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் ஆறு இட்லி தின்கிற நெல்லூர் லாரி டிரைவர்.

"சீட்டுக்கு அடியில ஜாக்கி தேடினேன், இது மாட்டிச்சி. என் வண்டியோட பழைய நம்பரு. மாட்டிக்கோம்மா."

4716.

கங்கம்மாளின் கை கரண்டியோடு நின்றது. அவள் காத்திருந்த வண்டி வாரா வாரம் அவள் வாசலில்தான் நின்றிருக்கிறது.

"இத்த வித்தவரு..."

"குப்புராஜ் நைனாவா? நெல்லூர்ல அரிசி மண்டி வெச்சிகினு, பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்களோட சொகமா கீறாரு. தகட்ட எங்கனா போடு, எளாவூர்ல மட்டும் போடாதேன்னாரு. இன்னாத்துக்கோ!"

அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்றுதான் ஏழு வருஷமும் கங்கையம்மனை வேண்டியிருந்தாள். இருக்கிறான். முதலில் அழுகைதான் வந்தது, சந்தோஷ அழுகை. அது பாதியிலேயே கோபமாக மாறியது.

பச்சையப்பன் சுவரைப் பார்த்தான். "ஆணி இருக்குதாம்மா? நானே அடிச்சிட்றேன்."

"வாணாம்ணா. நீயே எத்துகினு போய் அவராண்ட குடுத்துடு." அவன் தட்டில் சாம்பாரை ஊற்றினாள். "எளாவூர்ல அதுக்கு எடம் இல்லன்னு அவரு பொண்டாட்டி கங்கம்மா சொல்லிச்சின்னு சொல்லு."

பச்சையப்பன் பிட்ட இட்லியை வாயில் வைக்கவில்லை.