கார்டெலுக்குக் கிடைத்த சலுகை

மிஸ் எர்னஸ்டீன் மேப்ரி தன் ஒரே மகனை எனக்குத் தந்த விலை இது: நான் இரண்டு தட்டு கெளுத்தி மீன் வறுவல் தின்றேன், ஒரு வாக்குக் கொடுத்தேன். மீன் அவர் செலவு. ஆக, என் கையிலிருந்து போனது வாக்கு மட்டும்தான்.

எங்கள் வீட்டில் எல்லோரும் பழைய கார் விற்பவர்கள். வாங்க வருபவனின் ஷூவைப் பார்த்தே அவன் பையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார் அப்பா. நான் மட்டும் படித்து மேலே வந்தேன். அதாவது, காருக்குப் பதில் கல்லூரி விற்கிறேன். மிசிசிப்பியின் சிற்றூர்ச் சமையலறைகளில் உட்கார்ந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எங்கள் கால்பந்து அணிக்குப் பேசி முடிப்பது உதவிப் பயிற்சியாளனான என் வேலை. எங்கள் அமெரிக்கக் கால்பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பெயரிலேயே பொய் இருக்கும் தொழில்.

"உங்க பிள்ளைய என் பிள்ளை மாதிரி பாத்துக்கறேம்மா" என்றேன்.

"எல்லா கோச்சும் இதத்தான் சொல்றாங்க. ரெண்டாந்தடவ மீன் கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்று சிரித்தபடி சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மகன் பெயர் கார்டெல். மூன்றாம் ஆண்டில் எண்பதாயிரம் பேர் அவன் பெயரைக் கத்தினார்கள். கல்லூரிக் கடையில் அவன் எண் போட்ட சட்டை நாற்பத்தைந்து டாலர். அவனுக்குப் படிப்பும் சாப்பாடும் படுக்கையும் இலவசம். அதற்கு மேல் காசு கொடுத்தால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும் என்பார்கள். அப்படிப் பேசும் கூட்டங்களில், என் சம்பளத்தில் தைத்த சூட்டை மாட்டிக்கொண்டு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

தொண்ணூற்றேழு அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நின்றான். தலைக்கவசம் கக்கத்தில் இருந்தது.

"கோச், அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. கிட்னி ரெண்டும் போயிடுச்சாம். பஸ்ஸுக்கு முப்பத்தெட்டு டாலர் வேணும்."

என் பையில் இருநூறு இருந்தது. பயிற்சியாளன் காசு கொடுத்தது தெரிந்தால் அவனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவசர நிதி என்று ஒன்று உண்டு. மனுப் போட்டால் திங்கட்கிழமை வரும். நடுவில் சனிக்கிழமை ஆட்டம். விதிதான் என்னைத் தடுத்தது என்றால் அது பாதி உண்மை. அவன் இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை என்று எனக்கு மேலே இருக்கும் பெரிய கோச் காலையிலேயே சொல்லியிருந்தார். ஜெயித்தால் எனக்கும் ஐயாயிரம் ஊக்கத்தொகை.

"மனு எழுதித் தரேன். ஆட்டத்த முடிச்சிட்டு நிம்மதியா போ. அம்மாவும் டிவில உன்னப் பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்களா, கோச்?"

"பின்ன?"

நல்ல விற்பனை. அப்பா கேட்டிருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

ஜெயித்தோம். கார்டெல் இரண்டு முறை பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். இரண்டாவது முறைக்குச் சற்று முன்பு அலுவலகத்துப் பெண் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து பெரிய கோச்சிடம் கொடுத்தாள். அவர் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் பக்கம் ஒரு பார்வை. என்ன சீட்டு என்று நான் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான் அம்மா இறந்த செய்தியை அவனிடம் சொன்னார்கள்.

புதன்கிழமை அடக்கம். என் காரிலேயே கூட்டிப் போனேன். வழியில் ஒரு கறுப்பு டை வாங்கினோம். அவனிடம் இருந்ததெல்லாம் அணியின் சிவப்பு டைதான். நூறு மைல் தாண்டியதும், வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"அந்த வார்டுல டிவியே இல்லையாம், கோச். சித்தி சொன்னாங்க."

மறுநாள் கல்லூரியின் விளையாட்டு விதிமுறை அலுவலகத்துக்குப் போய், காரில் கூட்டிப்போனது, டை, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் நானே எழுதிக் கொடுத்தேன். யாராவது எனக்கு ஒரு தண்டனை போடட்டும் என்றிருந்தது. அங்கே இருக்கும் நெல்டா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத ஏன்யா எழுதிக் குடுத்த, ஹாயட்? வாய மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"அபராதம் எவ்வளவு?"

"உனக்கு ஒண்ணுமில்ல, ஒரு கண்டிப்புக் கடுதாசி. சலுகைய அனுபவிச்சவன்தான் கட்டணும். அதோட மதிப்ப ஏதாவது தருமத்துக்குக் குடுத்தாத்தான் அவன் மறுபடி ஆடலாம்."

"நான் கட்டறேன்."

"தாராளமா கட்டு. அது ரெண்டாவது சலுகை. அதையும் அவன்தான் கட்டணும்."



நெல்டா கூப்பிட்டனுப்ப, அன்று மாலையே கார்டெல் வந்தான். அடக்கத்தின்போது உறவுக்காரர்கள் அவன் கைக்குள் திணித்துவிட்டுப் போன ஒற்றை டாலர், ஐந்து டாலர் நோட்டுகளை நெல்டாவின் மேசையில் எண்ணி வைத்தான். வெள்ளிக்கிழமை ரசீதின் நகல் என் மேசைக்கு வந்தது.

கார்ப் பயணம், போக வர 424 மைல், மைலுக்கு 31 சென்ட்: 131.44
கறுப்பு டை, ஒன்று: 12.00
மதிய உணவு: 6.50
மொத்தம்: 149.94
அனாதைச் சிறுவர் இல்லத்துக்குச் செலுத்தியது: 149.94
பாக்கி: இல்லை.