ஏரிக்குப் போகாத பூ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் என்னைப் பத்தி முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. அந்த வாயாலதான் ஒரு வார்த்தைய விட்டுட்டு, ரெண்டு மாசமா சோறு எறங்காம கெடந்தேன்.

என் பேரு ரஞ்சிதம். திருத்தணியில குப்பை எடுக்கற மரகதம் கம்பெனியில சூப்பர்வைசர். என் கீழ பதினாறு பேர் வேலை செய்றாங்க. மலையடிவாரமும் சரவணப் பொய்கையும் எங்க பொறுப்பு. ஆடிக் கிருத்திகைக்கு வர்ற ஜனத்தை நீங்களே பாத்திருப்பீங்க. ஆளுக்கு ஒரு பூக்காவடி. சாமி பாத்துட்டு கீழ எறங்கினதும் காவடியில இருக்கற மாலையெல்லாம் கழட்டி பொய்கை ஓரமா போட்டுட்டுப் போய்டுவாங்க. மூணு நாள்ல ஆள் உயரத்துக்குக் குவியும். அதை அரைச்சு உரமாக்கத்தான் கம்பெனி ஊருக்கு வெளிய ஒரு கொட்டகை போட்டு, பெரிய மிஷினா வாங்கி வெச்சுது.

போன வருஷம் அந்த மிஷின் பத்தே நிமிஷம்தான் ஓடிச்சு. மாலை கட்டுன நைலான் நூலெல்லாம் உள்ள போய், சுழல்ற தண்டு இருக்கில்ல, அந்த ஷாஃப்டுல சுத்திக்கினு, 'கீ'ன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். மெக்கானிக் ஜமீல் பாய் கத்தி வெச்சு அறுக்கறாரு, போடறாரு, மறுபடி நிக்குது. மத்தியானத்துக்குள்ள அவர் கை முழுக்க ரத்தம். கடைசியில மொத்தப் பூவையும் கொண்டு போய் ஏரிக்கரையில கொட்டிட்டாங்க. எந்த ஏரி? எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற ஏரி!

ஒரு மாசம் நாத்தம் தாங்கல. அதைக்கூட பொறுத்துக்கலாம். என் நாத்தனார் கல்பனா ஒரு பசு வெச்சிருந்தா, செனை மாடு. அது அந்தக் குவியல்ல போய் மாலையோட நூலையும் சேத்துத் தின்னுடுச்சு. நாலு நாள் வயிறு ஊதிக் கத்திகினே இருந்து செத்துப் போச்சு. டாக்டர் அறுத்துப் பாத்தப்ப உள்ளேர்ந்து நைலான் நூல் பந்து பந்தா வந்துச்சு. அந்தப் பந்தைக் கொண்டாந்து என் வாசல்ல போட்டுட்டுப் போனா கல்பனா. அன்னைலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பக்கத்து பக்கத்து வூடு, ஒரே குழாயில தண்ணி புடிக்கறோம், ஆனா நான் இருக்கற பக்கம் அவ மூஞ்சி திரும்பாது. எனக்கு வலிச்சுது. அவ கையால சாப்ட்டவ நான்.

இந்த வருஷம் வைகாசியில எங்க மேனேஜர் வளவன் கூப்ட்டு ஒடச்சே சொல்லிட்டாரு. "ரஞ்சிதம்மா, இந்த தடவையும் மிஷின் நின்னா கொட்டகைய மூடிடுவாங்க. அப்பால எல்லா வருஷமும் ஏரிக்கரைதான். மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

நான் வூட்டுக்குப் போனேனா, வாயை மூடிகினு இருந்தேனா? நேரா தெரு நடுவுல நின்னு, "இந்த கிருத்திகைக்கு ஏரியில ஒரு பூ வுழாது! வுழுந்தா என்னை ரஞ்சிதம்னு கூப்டாதீங்க!"ன்னு கத்திட்டேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. கல்பனா என்னைப் பாக்கல. என் வூட்டுக்காரர் துரைக்கண்ணுவைப் பாத்து, "அண்ணா, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. லாரி ஏரிப் பக்கம் திரும்பட்டும், நான் சக்கரத்துக்கு அடியில படுத்துக்கறேன்"னா. இந்த மனுசன் இன்னா சொல்லணும்? "நானும் உன்கூட வந்து உக்கார்றேம்மா"ன்றாரு! நல்ல புருஷன் வந்து வாச்சான் எனக்கு.

மறுநாளே பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மாலை கட்டற பொம்பளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நின்னு, நைலானை வுட்டுட்டு வாழைநாரு, இல்லன்னா பருத்தி நூலுல கட்டுங்கன்னு கெஞ்சினேன். நாரு வெடுக்குன்னு அறுந்துடும், வேலை இழுக்கும்னாங்க. ரெண்டு மாசம் விடாம போனேன். திட்டிப் பாத்தேன், டீ வாங்கிக் குடுத்துப் பாத்தேன். கடைசியில ஒருத்தர் விடாம ஒத்துக்கினாங்க. திருத்தணி மார்க்கெட்ல நைலான் நூலே இல்லன்ற அளவுக்குப் பண்ணிட்டேன். எனக்கு ஒரே பெருமை. வளவன் சார்கிட்ட காலரைத் தூக்கி விட்டுக்காத குறைதான்.

கிருத்திகை அன்னிக்கு காலையில ஏழு மணி. மொத காவடிக் குழு கீழ எறங்குச்சு. மாலையக் கழட்டிப் போட்டாங்க. ஓடிப் போய் தூக்கிப் பாத்தேன். நைலான். அடுத்தது நைலான். பச்சை நைலான், வெள்ளை நைலான்.

எனக்கு அப்பதான் மண்டையில ஏறுச்சு. காவடிய எவன் திருத்தணியில கட்டறான்? சித்தூரு, வேலூரு, ஆரணின்னு அவனவன் ஊர்லயே கட்டிகினு இல்ல வர்றான்! நாப்பது வருஷமா கண்ணால பாக்கறேன், இது தோணல பாருங்க, நான் எப்பேர்ப்பட்ட மடச்சி!

பதினாறு பேரையும் கத்திரி, அருவாமனையோட உக்கார வெச்சேன். அறுத்து மாளல. நாங்க ஒரு மாலை அறுக்கறதுக்குள்ள அம்பது மாலை வந்து வுழுது. எட்டரை மணிக்கு வளவன் சார் வந்தாரு, பாத்தாரு, போனை எடுத்துகினு தள்ளிப் போனாரு. யாருக்குப் பேசறாருன்னு எனக்குத் தெரியும், மேல இருக்கறவங்களுக்குத்தான்.

அப்பதான் ஒரு குருசாமி வந்தாரு. ஜம்புலிங்கம்னு பேரு, பின்னாடி முப்பது பேரு, கழுத்துல இத்தத் தண்டி ருத்ராட்சம். அவர் காவடி மாலைய நான் வாங்கப் போனேன். வெடுக்குன்னு இழுத்துக்கினாரு.

"ஏய், தொடாத! குப்பை அள்ற கையால சாமி பூவைத் தொடுவியா?"

சுத்தி இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறுச்சு. எங்க புள்ளைங்க பதினாறு பேரும் கையில இருந்ததை அப்படியே வுட்டுட்டாங்க. சூப்பர்வைசர் பொறுமையா பேசணும்னு கம்பெனியில டிரெய்னிங் எல்லாம் குடுத்திருக்காங்க. அது எங்க போச்சுன்னே தெரியல.

"நான் தொடல சாமி! தொடவே மாட்டேன்! நீ சுமந்த பூ, நீ வேண்டிகினு கட்டுன பூ. அதை நூலோட சுருட்டித் தரையில வீசிட்டுப் போறியே, அதை மாடு தின்னு செத்துதே, அப்ப எங்க போச்சு உன் சாமி? அவ்ளோ சுத்தமான கை இருக்குதில்ல, உக்காரு! உன் கையாலயே பூவை உருவு. பூ கூடையில, நூல் கோணியில. நாங்க யாரும் கிட்ட வரல!"

ஒரு கத்திரியத் தூக்கி அவர் காலடியில வெச்சுட்டு, கையக் கட்டிகினு நின்னேன். வேலை போச்சுன்னு நெனச்சேன்.

மனுசன் என்னையே பாத்தாரு. சுத்தியும் பாத்தாரு. முப்பது பேரு அவர் மூஞ்சியப் பாத்துகினு நிக்கறாங்க. மெதுவா உக்காந்தாரு. காவடிய மடியில சாய்ச்சு வெச்சு, ஒரு சாமந்தி மாலைய எடுத்து, நுனியில நூலை வெட்டி, சர்ருன்னு இழுத்தாரு. பூ மொத்தமும் கூடையில கொட்டுச்சு, நூல் மட்டும் கையில.

"அரோகரா!"ன்னு பின்னாடியிருந்து ஒருத்தர் குரல் குடுத்தாரு பாருங்க.

அவ்ளோதான். முப்பது பேரும் உக்காந்துட்டாங்க. பின்னாடி எறங்கி வந்த குழு, இது இன்னாவோ புதுசா ஒரு நேர்த்திக்கடன் போலன்னு நெனச்சு அவங்களும் உக்காந்துட்டாங்க. சின்னச் சின்ன பொண்ணுங்கல்லாம் போட்டி போட்டு உருவுதுங்க. ஒவ்வொரு மாலைக்கும் ஒரு அரோகரா. பொய்கை ஓரம் முழுக்க ஜனம், கூடை கூடையா பூ. நாங்க பதினாறு பேரு இப்ப கூடை எடுத்துக் குடுக்கவே ஓடிகினு இருக்கோம்.

அந்த ஜம்புலிங்கம் சாமி ஊருக்குப் போவாருன்னு பாத்தா போகல. எழுந்து நின்னு எல்லாரையும் வெரட்டறாரு. "யோவ், நூல் தனி, பூ தனி! அறிவில்ல?"ன்னு. கம்பெனியில எனக்கு மேல இவருதான் ஆபீசர்னு நெனச்சிருப்பாங்க. அவர் சொன்ன வார்த்தைய நான் மன்னிக்கல, இப்பவும் மன்னிக்கல. ஆனா மனுசன் நல்ல வேலைக்காரன்தான், அதை மறைக்கக் கூடாது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மொத லாரி நெறஞ்சுது. நானே டிரைவர் பக்கத்துல ஏறி உக்காந்தேன். ஏரிக்குத் திரும்பற முனையில எங்க தெருவே உக்காந்திருக்குது. நடுரோட்டுல கல்பனா. பக்கத்துல என் வூட்டுக்காரர், குடை புடிச்சுகினு.

டிரைவர் வண்டியை நிறுத்துனாரு. "இது ஏரிக்குப் போகல, கொட்டகைக்குப் போவுது. வழி விடுங்க!"ன்னு கத்தினேன். கல்பனா எழுந்தா. என்கிட்ட பேசல. டயர் மேல கால் வெச்சு ஏறி, பூவுக்குள்ள தோள் வரைக்கும் கைய வுட்டுத் துழாவறா. எடுத்துப் பாத்தா வெறும் பூ. வேற எடத்துல வுட்டா, அங்கயும் பூ.

"அடியில இருக்கும்ணா"ன்னு எங்க வூட்டுக்காரரைப் பாத்து சொல்லிட்டு, லாரி மேலயே உக்காந்துக்கினா, எறங்கல. அவளோடவே வண்டி கெளம்புச்சு. தெரு ஜனம் பூராவும் பின்னாடியே நடந்து வருது.

கொட்டகையில ஜமீல் பாய் ரெடியா இருந்தாரு. "போடட்டா?"ன்னாரு. "போடுங்க பாய்"னேன்.

மிஷின் ஓட ஆரம்பிச்சுது. பத்து நிமிஷம் ஆச்சு. அரை மணி ஆச்சு. ஒரு பக்கம் பூ போவுது, இன்னொரு பக்கம் மசியலா வந்து கொட்டுது. வளவன் சார் போனைக் கையில புடிச்சுகினு மிஷினையே பாத்துகினு இருக்காரு. லாரி அடிவரைக்கும் காலி. ஜமீல் பாய் மிஷினை நிறுத்தி மூடியத் தொறந்து, "வந்து பாரும்மா"ன்னு கல்பனாவைக் கூப்ட்டாரு.

அவ கிட்ட போனா. டார்ச்சை வாங்கி உள்ள அடிச்சா. ஷாஃப்டை விரலால தடவித் தடவிப் பாத்தா. எவ்ளோ நேரம் பாத்தான்னு தெரியல, அவ தோள் மட்டும் குலுங்குது. அப்பால திரும்பி நேரா என் மூஞ்சியப் பாத்தா.

"நூல் இல்ல, அண்ணி"ன்னா.

நான் அவளைக் கட்டிப் புடிச்சுகினு ஓன்னு அழுதேன். தெருவே கை தட்டுது, எங்க வூட்டுக்காரர் விசில் அடிக்கறாரு, வயசுக்கு ஏத்த வேலையா பாருங்க! கண்ணைத் தொடைக்கக்கூட விடாம வெளிய ரெண்டாவது லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான்.

"வர்றேன் இருய்யா!"ன்னு நாங்க ரெண்டு பேரும் சேந்து கத்தினோம்.